சீசேம்: பகைவரும் கூடும் ஒளிக்கூடம்

பத்தாம் வகுப்பு மாணவி

கையை வெயிலில் நீட்டினால் தோலின் ரேகைகளைக் காண்கிறோம். உள்ளிருக்கும் எலும்பைக் காண எக்ஸ் கதிர் வேண்டும். அவ்வெலும்பில் அணுக்கள் அமைந்துள்ள விதத்தைக் காணவேண்டுமாயின் அதனினும் பன்மடங்கு செறிவான கதிர் தேவை. அத்தகைய ஒளியைத் தரும் ஒரு நிலையத்தையும், அது நடத்தப்படும் முறையையும் இங்கே காண்போம்.

எலெக்ட்ரான்களை ஏறத்தாழ ஒளியின் வேகத்தில் செலுத்திக் காந்தங்களால் வளைத்தால், வளையுமிடத்தில் அவை ஒளியை வீசுகின்றன. இதுவே சிங்க்ரோட்ரான் ஒளி. மருந்து, மண், உலோகம், பழங்காலப் பொருள் ஆகியவற்றை ஆராய இது பேருதவி புரிகிறது. ஆனால் இதற்கான இயந்திரத்தை அமைக்கப் பெரும்பொருள் வேண்டும். சிறிய நாடுகள் என்ன செய்வது?

இக்கேள்விக்கு விடையாக எழுந்ததே ஜோர்டான் நாட்டிலுள்ள சீசேம். அலிபாபா கதையில் குகையைத் திறந்த அதே சொல்தான்! ஜெர்மனி தன் பழைய பெஸ்ஸி இயந்திரத்தின் பகுதிகளை நன்கொடையாக அளித்தது. யுனெஸ்கோவின் ஆதரவில் 2004-இல் சீசேம் முறைப்படி உருவாயிற்று. 133 மீட்டர் சுற்றளவுள்ள புதிய வளையம் அமைக்கப்பட்டு, 2017 மே மாதம் திறப்பு விழா நடந்தது.

ஜோர்டான், எகிப்து, ஈரான், இஸ்ரேல், பாகிஸ்தான், பாலஸ்தீனம், சைப்ரஸ், துருக்கி ஆகியவை இதனைக் கூடி வளர்த்தன. ஈரானும் பாகிஸ்தானும் இஸ்ரேலை அங்கீகரிப்பதில்லை. துருக்கி சைப்ரஸ் அரசை அங்கீகரிப்பதில்லை. எனினும் அவற்றின் பிரதிநிதிகள் ஒரே மன்றத்தில் அமர்ந்து வரவு செலவையும் வருங்காலத் திட்டங்களையும் முடிவு செய்கின்றனர்.

இங்கே நிர்வாகத்தின் பெரும் பொறுப்பு, ஒளியைப் பங்கிடுவதாகும். ஒளிக்கற்றைகள் சில, கேட்போரோ பலர். ஆகவே ஆய்வாளர்கள் தம் திட்டத்தை எழுதி அனுப்ப, வல்லுநர் குழு அதன் அறிவியல் தரத்தை ஆராய்ந்து நேரம் ஒதுக்குகிறது. முறை பிசகினால் நம்பிக்கை குலையும். நம்பிக்கை குலைந்தால் கூட்டுறவே சிதறிவிடும்.

இடையூறுகளும் வந்தன. 2013 டிசம்பரில் கடும் பனிப்பொழிவால் கட்டடத்தின் கூரை இடிந்தது. மின்கட்டணமோ தாங்க முடியாத சுமையாக நின்றது. அதற்கு வழிகண்ட நிர்வாகத்தினர், ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியால் 2019-இல் சூரிய மின்நிலையம் அமைத்தனர். பாலைநிலத்து வெயிலே அவ்வளையத்தை இயக்கும் மின்சாரமாயிற்று!

தோழியரே, விஞ்ஞானம் என்றதும் நாம் கருவிகளையே எண்ணுகிறோம். கருவியைக் கூட்டாக வாங்கி, ஒழுங்காகப் பேணி, நேர்மையாகப் பகிர்வதும் விஞ்ஞானப் பணியே. மூவர் ஒரு நுண்ணோக்கியைப் பகிர்ந்துகொள்ளும் நம் ஆய்வுக்கூடத்திலேயே அப்பயிற்சியை நாம் தொடங்கலாம் அன்றோ?