மூளையின் கணிப்பும் சிந்துவெளிக் குறிகளும்

மனித மூளையின் செயல்முறையை அறிந்து, அம்முறையிலேயே பொறிகளையும் கற்கச் செய்வது இந்நாளைய அறிவியலின் பெருமுயற்சிகளுள் ஒன்றாகும். இவ்விரு துறைகளையும் இணைத்து ஆராய்ந்து வருபவர் பேராசிரியர் ராஜேஷ் ராவ். ஐதராபாத்தில் பள்ளிக் கல்வி பயின்ற இவர், அமெரிக்காவின் ராசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1998இல் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர்ச் சால்க் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றி, சியாட்டில் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

1999இல் இவரும் இவர்தம் ஆசிரியர் டானா பல்லார்டும் வெளியிட்ட ஆய்வுரை புகழ்பெற்றது. கண் காட்டுவதையெல்லாம் மூளை அப்படியே ஏற்பதில்லை. வரப்போவதை முன்னரே கணிக்கிறது. கணிப்பிற்கும் காட்சிக்கும் உள்ள வேறுபாடு மட்டுமே மூளையின் மேல்நிலைகளுக்குச் செல்கிறது. அதைக்கொண்டு கணிப்பு திருத்தப்படுகிறது. இதுவே அவர்கள் கொள்கை. நம் பாம்பன் கடலில் தொழில் செய்யும் மூத்த மீனவர் ஒவ்வோர் அலையையும் எண்ணுவதில்லை; எதிர்பார்த்த காற்றோ நீரோட்டமோ மாறும்போதுதான் விழிப்படைகிறார். அதனோடு இதனை ஒப்பிடலாம். இக்கொள்கைப்படி கணிப்பொறியில் அமைத்த வலைப்பின்னலுக்கு இயற்கைக் காட்சிகளைக் காட்டிப் பயிற்றியபோது, அதன் அலகுகள் மூளையின் பார்வைப் பகுதி உயிரணுக்களைப் போன்று இயங்கலாயின.

2013இல் ராவ் தம் கையை அசைப்பதாக எண்ணிய அளவில், அவ்வெண்ணத்தின் மின்குறிப்பு இணையம் வழியே சென்று, வேறோர் கட்டடத்திலிருந்த ஆய்வாளர் ஆந்திரியா ஸ்டோக்கோவின் விரலை அசையச் செய்தது.

‘அடுத்து வருவது யாது?’ என்னும் அதே வினாவை ராவ் சிந்துவெளிக் குறிகளிடமும் எழுப்பினார். ஒரு குறியை அடுத்து எக்குறி வரும் என்பதில் உள்ள உறுதியின்மையை இவர் குழுவினர் கணித்து 2009இல் வெளியிட்டனர். அவ்வளவு, மனித மொழிகளுக்குரிய அளவோடு ஒத்திருந்தது. இதனால் அக்குறிகள் படிக்கப்பட்டுவிட்டன எனக் கொள்ளலாகாது. அவை எழுத்தே அல்ல என வாதிடும் அறிஞரும் உளர்.

இங்குத் தமிழ் மாணவர் கருதத்தக்கது ஒன்றுண்டு. இவ்வாய்வுக்கு அடிப்படையாய் அமைந்தது, கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் அரிதின் முயன்று தொகுத்து, 1977இல் வெளிவந்த சிந்துவெளிக் குறிகளின் தொடரடைவேயாகும். அவரும் அக்குழுவில் ஒருவர். அத்தொகுப்பு இன்றேல் பொறி கணிப்பதற்கு ஏதும் இருந்திராது.

அழகன்குளத்தில் கிடைத்த எழுத்துப் பொறித்த பானையோடுகளும், நம் இல்லங்களில் உறங்கும் அரபுத்தமிழ் ஏடுகளும் இத்தகைய உழைப்பை வேண்டி நிற்கின்றன. ஏடுகளைக் காப்பது பெரியோர் கடன்; படியெடுத்து அடைவு செய்வது மாணவர் கடன். தொகுத்து வைத்தால் நாளைய பொறியும் அவற்றைக் கற்கும். செல்லரித்த ஏட்டை எந்தப் பொறியாலும் படிக்க இயலாது.