மூக்கின் வழியே – 11: கொலோன் ஊர்த் தண்ணீர்

சித்திரை மாதத்து மத்தியானம். திருவல்லிக்கேணியில் ஒரு சென்ட் கடைக்குள் நுழைந்தேன். பாதி, உள்ளே ஓடிய ஏசிக்காக. கடைக்காரருக்கு எழுபது வயதிருக்கும். "வெயிலுக்குத் தோதா ஏதாவது கொடுங்க பாய்" என்றேன். யோசிக்கவே இல்லை, ஒரு பாட்டிலை எடுத்து என் மணிக்கட்டில் ஒரு தடவை அடித்தார். எலுமிச்சம்பழத் தோலை நகத்தால் கீறினால் சுரீரென்று வருமே, அது. பின்னாலேயே பச்சை இலைக் கசப்பு கொஞ்சம்.

"எவ்வளவு நேரம் நிக்கும்?"

"இது நிக்காது தம்பி. நிக்கணும்னா அதோ ஊத் இருக்கு. இந்த வெயில்ல அதைப் போட்டுக்கிட்டு பஸ்ல ஏறினீங்கன்னா, பக்கத்துல இருக்கறவன் அடுத்த ஸ்டாப்பிங்ல இறங்கிடுவான்."

தன் சரக்கு நிற்காது என்று ஒரு வியாபாரி வாயால் கேட்டது எனக்கு அதுதான் முதல் தடவை. அவர் சொன்னது குறை இல்லை, அந்த வாசனையின் சுபாவம் என்று புரிய எனக்குக் கொஞ்ச நாள் ஆயிற்று.

ஆனால் மணிக்கட்டை மூக்கருகே கொண்டுபோனதும் எனக்கு ஞாபகம் வந்தது கடை இல்லை, காய்ச்சல். எங்கள் வீட்டில் அத்தை ஒரு சின்ன பாட்டில் ஓடிகொலோன் வைத்திருந்தாள். (யூடிகொலோன் என்பவர்களும் உண்டு, இரண்டும் ஒன்றுதான்.) எவர்சில்வர் கிண்ணத்தில் தண்ணீர், அதில் நாலு சொட்டு, அதில் முக்கிப் பிழிந்த பழைய வேட்டித் துணி. நெற்றியில் அதைப் போட்டதும் ஜில்லென்று இருக்கும். துணி காய்வதற்குள் வாசனை போய்விடும். மறுபடி முக்குவாள். மிச்சத்தைத் தன் கழுத்தில் தடவிக்கொள்வாள். அது வைத்தியத்தில் சேர்த்தி இல்லை. காய்ச்சலுக்கு ஸ்பிரிட் கலந்த ஒத்தடம் கொடுக்காதீர்கள், குழந்தைகளுக்குக் கூடவே கூடாது என்று இன்று டாக்டர்கள் சொல்கிறார்கள். அத்தைக்கு அது தெரியாது.

அந்தப் பாட்டிலின் பெயர் ஒரு ஊரின் பெயர். பிரெஞ்சில் 'ஓ தெ கொலோன்' என்றால் கொலோன் ஊர்த் தண்ணீர். ஊர் இருப்பது ஜெர்மனியில், ரைன் நதிக்கரையில். செய்தவர் இத்தாலியர். ஜொவான்னி மரியா ஃபரினா, 1685இல் பிறந்தவர். பிழைக்கப் போன ஊரில் யோஹான் மரியா ஆனார். மழை விட்ட இத்தாலிய வசந்தக் காலையை, மலைப் பூக்களை, ஆரஞ்சுப் பூவை நினைவூட்டும் ஒரு மணம் கைக்கு வந்துவிட்டது என்று 1708இல் சகோதரருக்குக் கடிதம் எழுதினார். மறு வருஷம், 1709இல், கொலோனில் தொடங்கிய ஃபரினா கடை இன்றும் வியாபாரம் செய்கிறது. கஸ்தூரியும் புனுகும் கனத்துக் கிடந்த ஐரோப்பிய மேட்டுக்குடிக்கு, சாராயத்தில் கரைத்த இந்தப் பழத்தோல் வாசனை ஜன்னலைத் திறந்த மாதிரி இருந்திருக்கும்.

அப்போது இதை மருந்தாகவும் விற்றார்கள், குடித்தார்கள்கூட. நெப்போலியன் இதைத் தண்ணீராகச் செலவழித்தவர். ஆனால் ரகசிய மருந்துகளின் செய்முறையை அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்று 1810இல் ஆணை போட்டவரும் அவரே. கொலோன் அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. ரகசியத்தைச் சொல்வதைவிட, இது மருந்தே இல்லை, வெறும் வாசனைத் தண்ணீர் என்று சொல்லிவிடுவது வியாபாரிகளுக்குச் சுலபமாகப் போயிற்று.

ஃபரினா என்ற பெயரைப் போட்டால் சரக்கு ஓடும் என்று தெரிந்ததும் ஊரெல்லாம் ஃபரினாக்கள். வில்ஹெல்ம் முல்ஹென்ஸ் என்பவர், அந்தக் குடும்பத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு ஃபரினாவிடம் பெயரை விலைக்கு வாங்கித் தொழில் நடத்தினார். வழக்குகள் தலைமுறை தாண்டி ஓடின. கடைசியில் அந்தப் பெயரை அவர் வாரிசுகள் விடவேண்டி வந்தது. 1794இல் பிரெஞ்சுப் படை ஊரைப் பிடித்த காலத்தையொட்டி வீடுகளுக்கு இலக்கம் போட்டபோது, குளோக்கன்காஸ்ஸ தெருவில் அவர்கள் வீட்டுக்கு விழுந்த எண் 4711. அதையே பெயராக்கிவிட்டார்கள். நீலமும் தங்கமுமாக லேபிள் ஒட்டிய அந்த பாட்டிலைப் பார்த்திருப்பீர்கள். கதவு எண்ணைக் கழுத்தில் தடவிக்கொள்கிறோம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

இந்தத் தண்ணீரின் உயிர் பெர்கமோட் என்ற பழத்தில் இருக்கிறது. கசப்பு ஆரஞ்சும் எலுமிச்சையும் கலந்து பிறந்தது. பழமாக உரித்துச் சாப்பிட லாயக்கில்லை. இத்தாலியின் பாத நுனியில், கலாப்ரியாவில், ரெஜ்ஜோ நகரை ஒட்டிய ஒடுக்கமான கடலோரத்தில்தான் உலக விளைச்சலின் பெரும்பகுதி. கார்த்திகை, மார்கழியில் காய் பச்சையாக இருக்கும்போதே பறிக்கத் தொடங்குவார்கள். ஒரு கிலோ எண்ணெய்க்கு ஏறக்குறைய 200 கிலோ பழம். அந்தக் காலத்தில் தோலைக் கடற்பஞ்சில் வைத்துக் கையால் அழுத்தி, பஞ்சை மண்சட்டியில் பிழிவார்கள். 1844இல் நிக்கோலா பரில்லா என்பவர் இதற்கு ஒரு இயந்திரம் செய்தார். கலாப்ரிய இயந்திரம் என்றே அதற்குப் பெயர்.

கொலோனில் பெர்கமோட்டுக்குத் துணையாகக் கசப்பு ஆரஞ்சு மரமும் வரும். அந்த மரத்தில் வீண் என்று எதுவும் இல்லை: பூவைக் காய்ச்சி வடித்தால் நெரோலி, இலையையும் குச்சியையும் வடித்தால் பெட்டிக்ரேன், பழத்தோலைப் பிழிந்தால் இன்னொரு எண்ணெய். இந்த இடத்தில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. நம் நாரத்தைக்கு உறவான ஒரு திராவிடச் சொல்தான் வடமொழியில் நாரங்கமாகி, பாரசீகத்திலும் அரபியிலும் நுழைந்து, இத்தாலியில் அரான்ச்சாவாகி, ஆங்கிலத்தில் ஆரஞ்சாகத் திரும்பி வந்தது என்பது சொல்லாய்வாளர் பலரின் முடிவு.

சரி, ஏன் நிற்பதில்லை? வீட்டிலேயே பார்த்துவிடலாம். கமலா ஆரஞ்சின் தோல் ஒரு துண்டு எடுத்து, மெழுகுவத்திச் சுடரைப் பார்த்து மடித்துப் பிதுக்குங்கள். படபடவென்று பொறி பறக்கும். தோலின் துளிப்பைகளில் இருந்து தெறிக்கும் எண்ணெய் அது. பெரும்பகுதி லிமோனின் என்ற சேர்மம். சின்ன மூலக்கூறு, எளிதில் ஆவியாகிவிடும். சந்தனம், அகில் (பாய் சொன்ன ஊத்) மூலக்கூறுகள் பெரியவை, தோலில் மெதுவாக உட்கார்ந்திருக்கும். இது வந்த வேகத்தில் கிளம்பிவிடும். வெயிலில் சூடேறிய உடம்பில் இன்னும் சீக்கிரம். அதோடு கொலோனில் வாசனை எண்ணெய் நூற்றுக்கு 2 முதல் 5 பங்குதான். மற்றதெல்லாம் ஆல்கஹாலும் கொஞ்சம் தண்ணீரும். அந்த ஆல்கஹால் ஆவியாகும்போது தோலின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. அத்தையின் துணியில் தண்ணீரும் இதையேதான் செய்தது. குளிர்ச்சியும் வாசனையும் சேர்ந்தே வருகின்றன, சேர்ந்தே போகின்றன. ஒன்று வேண்டும், மற்றது போகக்கூடாது என்றால் நடக்காது.

நிறுத்திப் பார்த்தவர்களும் உண்டு. எட்மோன் ருட்னிட்ஸ்கா 1966இல் டியோர் நிறுவனத்துக்காக 'ஓ சவாஜ்' செய்தபோது, ஹெடியோன் என்ற புதிய சேர்மத்தைச் சேர்த்தார். மல்லிகை வகைப் பூக்களில் இருக்கும் ஒரு பொருளுக்கு நெருங்கிய சொந்தம் அது. எலுமிச்சை போன பின்னும் காற்றோட்டமான ஒரு பூமணம் தங்கியது. என் கணக்கில் இந்த வகையில் அதைத் தாண்டி யாரும் போகவில்லை. ஆனால் அங்கேயும் நின்றது பூமணம்தான். எலுமிச்சை தன் நேரத்துக்குக் கிளம்பிவிட்டது. ஆகவே '24 மணி நேர லெமன்' என்று பெட்டியில் போட்டிருந்தால் கீழே வைத்துவிடுங்கள். நிற்பது பெரும்பாலும் எலுமிச்சையாக இருக்காது. பாத்திரம் தேய்க்கும் சோப்பு ஞாபகம் வரும்.

ஒரு எச்சரிக்கை. பெர்கமோட் எண்ணெயில் இயல்பாகவே பெர்காப்டீன் என்ற பொருள் இருக்கிறது. அது பட்ட தோலில் வெயில் அடித்தால் தோல் வெந்து கறுக்கும். கழுத்தில் வழிந்த தடத்திலேயே பதக்கம் தொங்குவது போலக் கருந்தழும்பு விழுந்ததால், தோல் மருத்துவர்கள் நோய்க்கும் பதக்கத்தின் பெயரையே வைத்தார்கள். இப்போது அதை நீக்கிய எண்ணெயையே பெரிய கம்பெனிகள் வாங்குகின்றன. 'இயற்கை எண்ணெய்' என்று விற்கும் குப்பியில் அந்த உத்தரவாதம் கிடையாது. வெளியே கிளம்பும்போது கழுத்தில் அடிக்காதீர்கள். சட்டையின் உள்பக்கம், கைக்குட்டை போதும். வெள்ளைப் பட்டுப் பக்கம் போகவேண்டாம், கறை விழலாம்.

பாட்டிலைக் குளியலறை ஜன்னலில் வைப்பவர்கள் நம்மில் அதிகம். சூடும் வெளிச்சமும் காற்றும் பட்டால் லிமோனின் கெட்டு, அரிப்பு உண்டாக்கும் பொருளாக மாறிவிடும். வாசனையும் டர்பன்டைன் பக்கம் சாயும். பீரோவுக்குள் வையுங்கள். பெரிய பாட்டில் மலிவு என்று வாங்கி மூன்று கோடை வைத்திருக்காதீர்கள்.

பாயிடம் நான் வாங்கியது 50 மில்லி. ஆபீஸ் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. மத்தியானம் 3 மணிக்குக் கைக்குட்டையில் இரண்டு தடவை அடிக்கிறேன். மூன்றரைக்குப் போய்விடுகிறது.

(அடுத்த வாரம்: வெட்டிவேர்)