தூய இனம் என்ற பெயரில் பரவும் நோய்கள்: வளைகுடாவின் சலூக்கியும் தமிழகத்தின் ராஜபாளையமும்

பஹ்ரைன் தலைநகர் மனாமாவுக்குத் தெற்கே, 1960களில் திட்டமிட்டுக் கட்டப்பட்ட குடியிருப்பு நகரம் ஈசா டவுன். இந்தியப் பள்ளியின் பெரிய வளாகம் இங்கே இருப்பதால் பஹ்ரைன் வாழ் தமிழ்க் குடும்பங்களுக்கு நன்கு அறிமுகமான இடம். இந்நகரின் பழைய சந்தையில் வீட்டுச் சாமான்களோடு பறவைகளும் வளர்ப்புப் பிராணிகளும் விற்கப்படுவதுண்டு. வளைகுடாவின் பிற நகரங்களைப் போலவே இங்கும், நாய் வாங்க விரும்புவோர் பெரும்பாலும் முதலில் கேட்கும் கேள்வி, "இது அசல் இனம்தானா?" என்பதே.

ஆனால், அசல் இனம் என்பதற்கான சான்றிதழ் அந்த நாயின் ஆரோக்கியத்துக்கு உத்தரவாதமாகாது என்றும், பல சமயங்களில் நிலைமை அதற்கு நேர்மாறானது என்றும் மரபியல் விஞ்ஞானிகள் நெடுங்காலமாகக் கூறி வருகின்றனர்.

முதல் பாதிப்பு கண்ணுக்குத் தெரிவதுதான். பக் என்ற தட்டை முக நாய், 2003இல் வெளியான ஒரு கைபேசி நிறுவன விளம்பரத்துக்குப் பின் தமிழகத்தில் "ஹட்ச் நாய்" என்றே பெயர் பெற்றது. நாய்களுக்கு மனிதரைப் போல உடலெங்கும் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்தே அவை உடல் வெப்பத்தைத் தணித்துக்கொள்கின்றன. மூக்குத் துவாரம் குறுகி, மேலண்ணம் தொண்டையை அடைக்கும் அளவுக்கு நீண்டுவிட்ட பக் நாயால் இதைச் சரிவரச் செய்ய முடிவதில்லை. கோடையில் 40 பாகை செல்சியஸைத் தாண்டும் வளைகுடாவில் இது உயிருக்கே ஆபத்தானது. பல விமான நிறுவனங்கள் தட்டை முக நாய்களைச் சரக்குப் பகுதியில் ஏற்றிச் செல்ல மறுக்கின்றன. பணி முடிந்து ஊர் திரும்பும் குடும்பங்கள் பலவும் இதைக் கடைசி நேரத்தில்தான் அறிந்துகொள்கின்றன.

கண்ணுக்குத் தெரியாத பாதிப்பு இதைவிட ஆழமானது.

ஒளிந்திருக்கும் மரபணு

ஒவ்வொரு மரபணுவும் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரு பிரதிகளாக வருகிறது. சில நோய்களில், பழுதுபட்ட பிரதி ஒன்று மட்டும் இருந்தால் பாதிப்பேதும் தெரியாது. அந்த உயிர் நோயைச் சுமந்து செல்லும் ஒரு வாகனம் மட்டுமே. அத்தகைய இருவர் இணையும்போது, பிறக்கும் ஒவ்வொரு குட்டிக்கும் நான்கில் ஒரு பங்கு நோய் வாய்ப்பு உண்டு.

பஹ்ரைன் மக்களுக்கு இந்தக் கணக்குப் புதிதல்ல. அரிவாள் செல் ரத்தசோகை பரவலாகக் காணப்படும் அந்நாட்டில், திருமணத்துக்கு முன் இரு தரப்பினரும் மரபணு நோய்களுக்கான பரிசோதனை செய்துகொள்வதை 2004ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் கட்டாயமாக்கியது. 1998-99 கல்வியாண்டில் மேல்நிலைப் பள்ளி மாணவர்களிடையே நடத்தப்பட்ட ஆய்வில், ஏறக்குறைய 14 சதவீதத்தினர் அந்த மரபணுவின் ஒரு பிரதியைச் சுமந்திருந்தது தெரியவந்தது. பரிசோதனையும் ஆலோசனையும் தொடர்ந்ததன் பயனாக, நோயுடன் பிறக்கும் குழந்தைகளின் விகிதம் அடுத்த பத்தாண்டுகளில் வெகுவாகக் குறைந்தது.

மனிதர்கள் தமது துணையைத் தாமே தேர்ந்தெடுக்கிறார்கள். ஆலோசனை கேட்டு முடிவை மாற்றிக்கொள்ளவும் முடியும். நாய்களுக்கு அந்த முடிவை எடுப்பவர் வளர்ப்பாளர். அவர் கையிலிருப்பதோ ஒரு வம்சாவளிப் பதிவேடு.

லண்டனில் கென்னல் கிளப் 1873இல் தொடங்கப்பட்டதற்குப் பின் உலகெங்கும் பரவிய நடைமுறை இது: ஓர் இனத்துக்கான பதிவேடு மூடப்பட்டுவிட்டால், அதில் இடம்பெற்ற நாய்களின் வாரிசுகள் மட்டுமே அந்த இனம். வெளியிலிருந்து புதிய ரத்தம் வர வழியில்லை. போதாக்குறைக்கு, கண்காட்சியில் பரிசு வென்ற ஓர் ஆண் நாயிடமே எல்லாரும் தமது பெண் நாய்களைக் கொண்டு செல்வார்கள். அந்த நாயிடம் ஒளிந்திருக்கும் பழுது, மூன்று நான்கு தலைமுறைகளில் இனம் முழுவதும் பரவிவிடுகிறது. நாய்கள் எண்ணிக்கையில் ஆயிரக்கணக்கில் இருக்கலாம். மரபணு அளவில் அவை ஒரு சிறு கிராமத்து ஜனத்தொகைக்குச் சமம்.

லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் பிரிட்டனில் பதிவான பத்து இனங்களின் வம்சாவளியை ஆராய்ந்து 2008இல் வெளியிட்ட முடிவு இதை உறுதிப்படுத்தியது. ஆறே தலைமுறைகளில், அவற்றில் பெரும்பாலான இனங்கள் தமது அரிய மரபணு வேறுபாடுகளில் 90 சதவீதத்துக்கும் மேல் இழந்திருந்தன. அதே ஆண்டு ஆகஸ்டில் பிபிசி தொலைக்காட்சி ஒளிபரப்பிய ஆவணப்படம் ஒன்று பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. தாய்-மகன், தந்தை-மகள், உடன்பிறப்புகள் ஆகியோரின் இணைவில் பிறக்கும் குட்டிகளைப் பதிவு செய்வதில்லை என்று கென்னல் கிளப் 2009இல் அறிவித்தது. அதுவரை அது அனுமதிக்கப்பட்டே வந்தது என்பது பலருக்கும் வியப்பளித்த செய்தி.

புதிய ரத்தத்தை ஏற்பதில் பதிவேட்டுக்காரர்களுக்கு இருந்த தயக்கத்தை டால்மேஷியன் நாயின் கதை காட்டுகிறது. யூரிக் அமிலத்தைச் சரியாகக் கையாள முடியாத குறைபாடு அந்த இனம் முழுவதிலும் நிலைபெற்றுவிட்டதால், சிறுநீர்க் கற்கள் அதற்கு வழக்கமான நோயாகிவிட்டன. அமெரிக்க மரபியலாளர் ராபர்ட் ஷைபிள் 1973இல் பாயின்டர் இன நாய் ஒன்றுடன் ஒரே ஒரு முறை கலப்புச் செய்து, பின்னர் தலைமுறை தலைமுறையாக டால்மேஷியன்களுடனேயே இணைத்து, இந்தக் குறை நீங்கிய புள்ளி நாய்களை உருவாக்கினார். அவற்றில் இரண்டை 1981இல் பதிவு செய்த அமெரிக்கக் கென்னல் கிளப், இன ஆர்வலர்களின் எதிர்ப்பால் பதிவை நிறுத்தியது. அந்தக் கதவு மீண்டும் திறக்க 2011 வரை ஆனது. தீர்வு கையில் இருந்தும் முப்பது ஆண்டுகள் வீணாயின.

பதிவேடு இல்லாத பாலைவன நாய்

வளைகுடாவின் சொந்த நாயான சலூக்கி இதற்கு நேர் எதிரான உதாரணம். முயலையும் மானையும் துரத்திப் பிடிக்கும் இந்த ஒல்லியான வேட்டை நாயை பெதூயின் மக்கள் சாதாரண நாய்களோடு சேர்த்து எண்ணியதில்லை; கூடாரத்துக்குள் இடம் கொடுத்தார்கள், பரிசாகக் கொடுத்தார்கள். அவர்களிடமும் வம்ச நினைவு உண்டு. ஆனால், மூடிய பதிவேடு இல்லை. நிறம் எதுவாக இருந்தாலும், காது முடி நீண்டிருந்தாலும் குட்டையாக இருந்தாலும் பாதகமில்லை. ஓடிப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். கோத்திரங்கள் இடம்பெயர்ந்தபோது நாய்களும் இடம்பெயர்ந்து கலந்தன. பலவீனமான நாயைப் பாலைவனம் தானே விலக்கிவிட்டது.

85 இனங்களைச் சேர்ந்த 414 நாய்களின் மரபணுக்களை ஒப்பிட்டு 2004இல் சயன்ஸ் சஞ்சிகையில் வெளியான ஆய்வு, மரபணு ரீதியில் மிகத் தொன்மையான இனங்களின் வரிசையில் சலூக்கியையும் சேர்த்தது. பிரிட்டனில் 1923இல் அங்கீகாரம் பெற்ற சலூக்கிகளோ, மத்திய கிழக்கிலிருந்து சென்ற சில நாய்களின் சந்ததி. மேற்குலகில் வளரும் சலூக்கிகளிடம், குட்டிப் பருவத்திலேயே வலிப்பை ஏற்படுத்தும் மரபுவழி நரம்பு நோய் ஒன்றுக்குக் காரணமான மரபணு மாற்றத்தை கலிஃபோர்னிய ஆய்வாளர்கள் 2020இல் அடையாளம் கண்டனர். தமது நாய்களின் மரபணுத் தளத்தை விரிவாக்க, மேற்கத்திய வளர்ப்பாளர்களில் ஒரு சாரார் பாலைவனத்து நாய்களைத் தேடி மீண்டும் அரபு நாடுகளுக்கு வர வேண்டியிருந்தது.

ஆயினும் வளைகுடாவிலேயே நிலைமை மாறி வருகிறது. வேட்டை குறைந்து பந்தயமும் அழகுப் போட்டியும் அதன் இடத்தைப் பிடித்துவிட்டன. எதற்குப் பரிசு தரப்படுகிறதோ அதை நோக்கியே இனம் நகரும்.

ராஜபாளையத்தின் வெள்ளை நிறம்

தமிழகத்தின் நாட்டு நாய்கள் இப்போது நிற்பது இதே சந்தியில். விருதுநகர் மாவட்டத்து ராஜபாளையம் நாயின் உருவத்தை இந்திய அஞ்சல் துறை 2005 ஜனவரியில் தபால்தலையாக வெளியிட்டது. கர்னாலிலுள்ள தேசிய விலங்கு மரபு வளப் பணியகம், தான் முதன்முதலாகப் பதிவு செய்த நாய் இனங்களில் ராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் சேர்த்தது. பிரதமர் நரேந்திர மோதி 2020 ஆகஸ்டில் தமது வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை ஆகியவற்றைக் குறிப்பிட்ட பின் குட்டிகளுக்கான கிராக்கி கூடியது.

ராஜபாளையத்தின் அடையாளம் பால் வெள்ளை நிறமும் இளஞ்சிவப்பு மூக்கும். சிக்கலும் அங்கேதான். தோலுக்கு நிறம் தரும் உயிரணுக்கள் உள்காதிலும் இருக்கின்றன. ஒலியை உணரும் நுண்ணிழைகள் உயிரோடிருக்க அவை தேவை. தோலின் நிறத்தை அறவே ஒடுக்கும் மரபணு, காதிலும் அந்த உயிரணுக்களை இல்லாமற் செய்துவிட்டால், பிறந்த சில வாரங்களிலேயே குட்டியின் செவிப்புலன் அழிந்துவிடுகிறது. வெள்ளைத் தோல் கொண்ட டால்மேஷியன்களை அமெரிக்காவில் பரிசோதித்தபோது ஏறக்குறைய 30 சதவீதத்துக்கு ஒரு காதிலாவது செவிடு இருந்தது. ராஜபாளையம் நாய்களிடையே பிறவிச் செவிடு இருப்பதை உள்ளூர் வளர்ப்பாளர்கள் நன்கறிவார்கள். பழுப்பு அல்லது கறுப்புத் திட்டுடன் பிறக்கும் குட்டிகளை "அசல் இல்லை" என்று ஒதுக்குவதும் நெடுநாள் வழக்கம். கேட்கும் காதைத் தரக்கூடிய மரபணுவையே இப்படித் தூக்கி எறிகிறோம் என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்பார்கள் என்று தெரியவில்லை.

ஒரு காலத்தில் வேலை இதைச் சமன் செய்தது. காது கேளாத நாயால் பண்ணைக்குக் காவல் இருக்க முடியாது. முயல் வேட்டைக்குப் போன சிப்பிப்பாறைக்கும் கன்னிக்கும் ஓட்டமே தகுதி. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் வந்த பின் அந்தத் தேர்வு முடிவுக்கு வந்தது. சட்டம் சரியானதுதான், ஆனால் அதற்குப் பின் நாயை மதிப்பிடும் பொறுப்பு வேட்டைக் களத்திலிருந்து விற்பனையாளர் கைக்கு மாறியது.

செய்யக்கூடியவை சிக்கலானவை அல்ல. கைதட்டிப் பார்ப்பது போதாது. ஒரு காது மட்டும் கேட்காத குட்டி அந்தச் சோதனையில் தேறிவிடும், பின்னர் தன் குட்டிகளுக்குக் குறையைக் கடத்தும். ஒவ்வொரு காதையும் தனித்தனியே மின்முனைகளால் அளக்கும் சோதனை தேவை. மரபணுச் சோதனை உள்ள நோய்களில், ஒரு பிரதியை மட்டும் சுமக்கும் நாயை இனப்பெருக்கத்திலிருந்து விலக்கிவிடுவதும் தவறு; நல்ல பிரதிகள் இரண்டும் உள்ள நாயோடு அதை இணைத்தால் நோயுற்ற குட்டி பிறக்காது, இனத்தின் மரபணு வளமும் குறையாது.

ஈசா டவுனிலோ சென்னையிலோ குட்டி வாங்குபவர் கேட்க வேண்டியது பெற்றோரின் பதக்கங்களை அல்ல; பெற்றோர் இருவரும் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருங்கிய உறவு, அவற்றின் முந்தைய ஈற்றுக் குட்டிகள் இப்போது எப்படி இருக்கின்றன என்பதை. ராஜபாளையத்தைப் பொறுத்தவரை, திட்டு விழுந்த குட்டியையும் இனத்தின் பகுதியாக ஏற்பதா என்ற முடிவு, பதிவேட்டை எழுதும் அமைப்புகளிடமும் வளர்ப்பாளர்களிடமும் இருக்கிறது.