விலாசம் அறிந்து செல்லும் மருந்து

புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் நம் குடும்பங்கள் நடுங்கிவிடுகின்றன. 'கதிரியக்க சிகிச்சை' என்பதும் அதனுடன் சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். நோயாளியை விட்டு உற்றாரும் ஒதுங்கத் தொடங்குகின்றனர். இந்த அச்சத்தில் நியாயம் எவ்வளவு என்பதை நாம் ஆராய்ந்து பார்ப்போம்.

உடலில் அந்நியப் பொருள் புகுந்தால், அதைப் பற்றிக்கொள்ள இரத்தத்தில் 'எதிர்ப்பொருள்கள்' தோன்றுகின்றன. பூட்டுக்கேற்ற சாவி போல, ஒவ்வொன்றும் தனக்குரிய இலக்கையே பற்றும். ஒரே வகை எதிர்ப்பொருளை ஆய்வுக்கூடத்தில் வேண்டிய அளவு உண்டாக்கும் வழியை 1975-இல் கேம்பிரிட்ஜில் கோலர், மில்ஸ்டைன் என்ற இருவர் கண்டனர். 1984-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர்.

இந்த எதிர்ப்பொருளின்மேல் கதிரியக்க அணுவை ஏற்றி அனுப்பினால், விலாசம் எழுதிய பார்சல் போல அது புற்றுக்கட்டியைத் தேடிச் செல்கிறது. அங்கிருந்து வரும் காமாக் கதிரைக் கருவியால் படமெடுத்து, நோய் பரவியுள்ள இடத்தை அறியலாம். 1978-இல் அமெரிக்காவில் கோல்டன்பர்க் குழுவினர் இம்முறையில் கட்டிகளைக் கண்டனர். பீட்டாக் கதிரோ கட்டியை அழிக்கவே உதவுகிறது. 2002-இல் அந்நாடு அனுமதித்த 'செவலின்' என்னும் மருந்து, ஒருவகை நிணநீர்ப் புற்றுக்கு உரியது. அதிலுள்ள யட்ரியம்-90 வீசும் கதிர் உடலில் சில மில்லிமீட்டர் தூரமே பாயும். ஆயினும் இரத்த அணுக்கள் குறையக்கூடும்; எல்லாப் புற்றுக்கும் இது மருந்தன்று.

அயோடின்-131 வேறு வகை. அதன் காமாக் கதிர் உடலுக்கு வெளியிலும் வரும். நம் நாட்டில் தைராய்டுப் புற்றுக்கு அதைக் கொடுக்கிறார்கள். அதன் வீரியம் எட்டு நாளுக்கொருமுறை பாதியாகும். சிறுநீர் வழியாகவும் வெளியேறும். ஆதலால் சில நாள்கள் தனிப் படுக்கை வேண்டும். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் நெருங்கலாகாது. ஓரறை வீட்டில் வசிப்போர் இதைச் சிகிச்சைக்கு முன்பே மருத்துவரிடம் கூறி, எத்தனை நாள் என்பதை எழுதி வாங்கிக்கொள்வது நலம்.

புற்றுநோய் ஒட்டுவாரொட்டி அன்று. விலகியிருக்கும் நாள்களுக்குக் கணக்கு உண்டு. அந்தக் கணக்கு முடிந்த பின்னும் நோயாளிக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர் என்று வைப்பது மருத்துவமன்று, கொடுமை. குறித்த நாள் முடிந்ததும் அவரைப் பந்தியில் நம்முடன் அமர்த்திக்கொள்வோமாக.