அசீரியம் என்னும் பெயரும் இரு மொழிகளும்

அசீரிய மொழி என்று தமிழில் எழுதும்போது எந்த மொழியைக் கருதுகிறோம் என்பதை முதற்கண் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியுள்ளது. பண்டைய வரலாற்று நூல்களில் பயின்றோர்க்கு அது நினிவே நகரத்து அரசர்கள் களிமண் பலகைகளில் ஆப்பெழுத்தால் எழுதுவித்த மொழி. வட ஈராக்கிலும், சிரியாவின் காபூர் ஆற்றங்கரையிலும், சிகாகோவிலும் வாழும் அசீரியர்க்கோ அது வீட்டில் இன்றும் பேசப்படும் தாய்மொழி. முன்னது வழக்கொழிந்து ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாயிற்று; பின்னது உயிருள்ள மொழி. இரண்டும் செமித்தியக் குடும்பத்தைச் சேர்ந்தவையே எனினும் ஒன்றிலிருந்து மற்றொன்று பிறக்கவில்லை. பெயரொற்றுமையால் இவை ஒன்றாகக் கருதப்படும்போது மொழிபெயர்ப்பில் பிழை நேர்வதோடு, எதைக் காக்க வேண்டும், எதை ஆராய வேண்டும் என்பதிலும் கவனம் சிதறுகின்றது. இக்கட்டுரை இவ்விரண்டாவது சிக்கலையே முதன்மையாக எடுத்துக்கொள்கிறது.

பண்டைய மொழியை அறிஞர் அக்காதியம் என்பர். தெற்கே பாபிலோனியம், வடக்கே அசீரியம் என அது இரு பெருங்கிளைகளாக வழங்கியது. அசூர் நகரத்து வணிகர்கள் கி.மு. 19ஆம் நூற்றாண்டளவில் எழுதிய கடிதங்களும் கணக்குகளும் துருக்கியில் உள்ள குல்தெப்பே என்னுமிடத்தில் 20,000-க்கும் மேற்பட்ட பலகைகளாகக் கிடைத்துள்ளன. 1857-இல் இலண்டனின் அரச ஆசியக் கழகம் ஒரே கல்வெட்டுப் பாடத்தை ராலின்சன், ஹிங்க்ஸ், டால்பட், ஒப்பெர்ட் ஆகிய நால்வரிடம் தனித்தனியே தந்து, அவர்தம் மொழிபெயர்ப்புகள் பெரிதும் ஒத்திருக்கக் கண்டபின் அம்மொழி படிக்கப்பட்டுவிட்டது என்பது உறுதியாயிற்று. முதற் பேரகழாய்வுகள் அசீரிய நிலத்தில் நிகழ்ந்தமையால் அத்துறைக்கே அசீரியவியல் என்ற பெயர் நிலைத்துவிட்டது. சிகாகோப் பல்கலைக்கழகத்தில் 1921-இல் தொடங்கி 2011-இல் நிறைவெய்திய பேரகராதியும் அசீரிய அகராதி என்றே பெயர் பெற்றுள்ளது. உண்மையில் அது அக்காதியம் முழுமைக்குமான அகராதி. ஒரு மறைந்த மொழிக்குத் தொண்ணூறு ஆண்டு உழைப்புக் கிட்டியது. அதே பெயரைத் தாங்கிய வாழும் மொழியின் கிளைவழக்குகள் பலவற்றுக்கு ஒரு சிறு சொற்பட்டியல்கூட நெடுங்காலம் கிட்டவில்லை.

அசீரியப் பேரரசு நிலவிய காலத்திலேயே அக்காதியத்தின் இடத்தை அரமேயம் பிடிக்கத் தொடங்கிவிட்டது. கி.மு. 8ஆம் நூற்றாண்டில் அரசர்கள் மேற்கே இருந்த அரமேய நாடுகளை வென்று, மக்களைக் கூட்டங்கூட்டமாகப் பெயர்த்துப் பேரரசெங்கும் குடியேற்றினர். அரண்மனைப் புடைப்புச் சிற்பங்களில் எழுத்தர் இருவர் அருகருகே நிற்பதைக் காணலாம். ஒருவர் கையில் பலகை, மற்றவர் கையில் தோற்சுருள். தோலில் எழுதப்பட்டது அரமேயம். ஊர் நகரத்து அலுவலர் ஒருவர் இனி அரமேயத்தில் எழுத இசைவு வேண்ட, இரண்டாம் சர்கோன் அதனை மறுத்து அக்காதியத்திலேயே எழுதுமாறு பணித்த கடிதமும் கிடைத்துள்ளது. ஆட்சிமொழிச் சிக்கல் எவ்வளவு பழமையானது என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டியதில்லை. கி.மு. 701-இல் அசீரியத் தூதன் எருசலேமின் மதிலருகே நின்று பேசியபோது, மக்கள் அறியாதிருக்கும்பொருட்டு அரமேயத்தில் பேசுமாறு யூத அலுவலர் வேண்டிய செய்தியை விவிலியத்தின் அரசர் நூல் கூறும். பழைய தமிழ் விவிலியத்தில் அம்மொழி 'சீரியபாஷை' என வந்துள்ளது. கி.மு. 612-இல் நினிவே வீழ்ந்தபின் பாரசீகப் பேரரசு அரமேயத்தையே தன் அலுவல்மொழியாகக் கொண்டது. காந்தாரத்திலும் தட்சசீலத்திலும் அசோகரின் அரமேயக் கல்வெட்டுகள் கிடைத்திருப்பது இதன் தொடர்ச்சியே.

இங்கு ஒரு சொல்லைக் குறிப்பிடாமல் செல்ல மனம் வரவில்லை. குல்தெப்பேப் பலகைகளில் மொழிபெயர்த்துரைப்போரைச் சுட்டும் 'தர்குமன்னும்' என்ற சொல் உள்ளது. அது அரமேயம் வழியாக அரபியில் 'தர்ஜுமான்' ஆகியது. தமிழ் முஸ்லிம்கள் குர்ஆனின் மொழிபெயர்ப்பைக் குறிக்க வழங்கும் 'தர்ஜமா' அச்சொல்லின் உறவே. நம் தொழிலின் பெயர் அசூர் நகரத்து வணிகர் வாயிலும் பயின்றது என்பது மொழிபெயர்ப்பாளர்க்கு மகிழ்ச்சி தரத்தக்க செய்தியாகும்.

அரமேயத்தின் கிளைகளுள் எதேசா நகரத்து வழக்கு கிறித்தவ இலக்கிய மொழியாக உயர்ந்தது. அதுவே சிரியாக், கேரளத்தில் சுரியானி. திருச்சூரைத் தலைமையிடமாகக் கொண்ட கல்தாய சுரியானி சபை, அசீரியர் பலர் சார்ந்துள்ள கீழைத் திருச்சபையின் உறுப்பாகும். மலையாளத்தைச் சுரியானி எழுத்தில் எழுதும் கர்ஷோனி முறையும் கேரளத்தில் வழங்கியது. சுரியானியின் 22 எழுத்துகள் ள, ழ, ண முதலிய ஒலிகளுக்குப் போதாமையால் மலையாள எழுத்து வடிவங்கள் கடனாகக் கொள்ளப்பட்டன. இவ்வாறு சேர்க்கப்பட்ட 11 எழுத்துகள் 2017-இல் யூனிகோடு தரத்தில் இடம்பெற்றன.

இன்றைய அசீரியர் பேசும் 'சுரேத்' இந்தச் செவ்வியல் சிரியாக்கின் நேர்வழித் தோன்றலும் அன்று. சிரியாக் எழுத்திலக்கியமாக ஓங்கியிருந்த காலத்தே அதன் அருகில் எழுதப்படாமல் வழங்கிய உறவு மொழிகளின் வழிவந்தது அது. மொழியியலார் இதனை வடகிழக்குப் புதிய அரமேயம் என வகைப்படுத்துவர். இதில் ஏறத்தாழ 150 கிளைமொழிகள் இனங்காணப்பட்டுள்ளன. அவற்றைப் பேசியோர் கிறித்தவர் மட்டுமல்லர். குர்திஸ்தானத்து யூதரும் பேசினர். யூத வழக்குகளைப் பேசியோர் 1950-களின் தொடக்கத்தில் பெரும்பாலும் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தனர். அவர் தம்மை அசீரியர் எனக் கூறிக்கொள்வதில்லை. மொழியின் எல்லையும் இனத்தின் எல்லையும் ஒன்றல்ல என்பதற்கு இதுவே போதும்.

வீடு என்னும் பொருளுடைய பழஞ்சொல் ஒன்று இக்கிளைமொழிகளில் அடைந்த மாற்றத்தைக் காண்போம். பர்வார் வட்டாரத்துக் கிறித்தவர் வழக்கில் அச்சொல்லின் இடையில் வருவது நாநுனி பல்லைத் தொட எழும் உரசொலி. ஊர்மியாக் கிறித்தவர் அதனை வெடிப்பொலியாக்கி 'பேட்டா' என்பது போல ஒலிப்பர். ஸாக்கோ யூதர் வாயில் அது 'பேஸா'. ஸனந்தஜ் யூதர் வாயில் 'பேலா'. ஊர்மியா, ஸனந்தஜ் ஆகிய நகரங்களில் ஒரே நகரத்துக் கிறித்தவரும் யூதரும் பேசிய அரமேயம் ஒருவர்க்கொருவர் விளங்காத அளவு வேறுபட்டிருந்தது. ஊரைக் கொண்டு கிளைமொழியை வரையறுக்கும் நம் வழக்கமான முறை இங்குப் பயன்படாது.

வினையமைப்பு இன்னும் கருதத்தக்கது. செவ்வியல் சிரியாக்கில் 'நான் எடுத்தேன்' என்பது 'ஷெக்லெத்'. தன்மை விகுதி வினையோடு இயல்பாக இணைந்தது. புதிய அரமேயத்தில் அது 'ஷ்கில்லி'. இதனைப் பிரித்தால் 'எடுக்கப்பட்டது எனக்கு' என்றாகும். செயப்பாட்டு எச்ச வடிவம் ஒன்று இறந்தகால வினைமுற்றாகிவிட்டது. சமஸ்கிருதத்து 'மயா க்ருதம்' வழியில் இந்தியின் 'மைனே கியா' உருவானதை அறிந்த இந்திய மொழியியலார்க்கு இம்மாற்றம் புதிதன்று. ஆயின் அங்கே அது ஈரானிய மொழிகளின் அண்மையில் ஒரு செமித்திய மொழிக்குள் நிகழ்ந்தது. மேலும், கிளைமொழிதோறும் இவ்வமைப்பு வெவ்வேறு கட்டத்தில் நிற்கின்றது. சிலவற்றில் செயப்படுபொருள் குன்றிய வினைகளும் இவ்விகுதியை ஏற்கும், சிலவற்றில் ஏற்பதில்லை. மூவாயிரம் ஆண்டு எழுத்துச் சான்றுடைய ஒரு மொழியில், ஒரு மாற்றத்தின் பல படிகளையும் ஒருங்கே காணும் வாய்ப்பு மிக அரிது. ஒரு கிளைமொழி மறைந்தால் ஒரு படி மறைந்தது என்றே கொள்ள வேண்டும்.

இனி, எழுத்துமொழியின் கதை. அல்கோஷ் முதலிய ஊர்களில் 17ஆம் நூற்றாண்டு முதலே பேச்சுமொழிச் சமயப் பாடல்கள் எழுதப்பட்டன. எனினும் அச்சு வழி நிலைபெற்ற உரைநடை ஊர்மியாவில் பிறந்தது. 1835-இல் அங்குக் குடியமர்ந்த அமெரிக்க மறைப்பணியாளர் ஜஸ்டின் பெர்கின்ஸ் உள்ளூர்க் குருமார் துணையுடன் பேச்சுமொழியை எழுத்தில் அமைத்தார். புதிய ஏற்பாடு 1846-இலும் முழு விவிலியம் 1852-இலும் அச்சாயின. 1849-இல் தொடங்கிய 'ஸஹ்ரீரா த பஹ்ரா' என்னும் இதழ் 1918 வரை வெளிவந்தது. ஜெர்மானிய அறிஞர் நோல்டெக்கே 1868-இல் வெளியிட்ட புகழ்பெற்ற இலக்கணம் பெரிதும் இவ்வச்சு நூல்களையே ஆதாரமாகக் கொண்டது. இவ்வாறு ஒரு சமவெளி நகரத்து வழக்கு, மக்களுக்கும் அறிஞர்க்கும் ஒருசேர, அசீரியம் என்பதன் முகமாயிற்று. ஹக்காரி மலையின் தியாரி, துகூமா, ஜீலு, பாஸ் முதலிய குலத்தவர் வழக்குகள் அதன் நிழலில் நின்றன.

அம்மலை வழக்குகளுக்கு நிலமே இல்லாமற் போனது 1915-இல். ஓட்டோமான் ஆட்சியில் நிகழ்ந்த படுகொலைகளால் ஹக்காரி மக்கள் வேரோடு பெயர்க்கப்பட்டனர். 1918-இல் ஊர்மியாவினின்றும் ஓடிய கூட்டம் பாக்தாதுக்கு அருகே பகூபா முகாமில் ஒதுங்கியது. 1933 ஆகஸ்டில் ஈராக்கின் சிமேலேயில் மீண்டும் படுகொலை நிகழ, ஒரு பகுதியினர் சிரியாவின் காபூர் ஆற்றங்கரையில் குலம் குலமாக ஊரமைத்துக் குடியேறினர். குலம் பிரியாது குடியேறியதால் கிளைமொழிகள் அங்குப் பெருமளவு பிழைத்தன. ஈராக் நகரங்களிலோ பல வழக்கினரும் கலந்ததால் ஒரு பொதுப் பேச்சு உருவாகியது. 2015 பிப்ரவரியில் காபூர் ஊர்களை இஸ்லாமிய அரசு இயக்கத்தினர் தாக்கியதும் மக்கள் கலைந்தனர்.

கரகோஷ் என்ற ஊரின் செய்தி தனித்துக் கூறத்தக்கது. மோசூலுக்கு அண்மையில் உள்ள இவ்வூரின் வழக்கைக் கேம்பிரிட்ஜ் அறிஞர் ஜெஃப்ரி கான் ஆராய்ந்து 2002-இல் விரிவான இலக்கணமாக வெளியிட்டார். அதில் அவர் காட்டும் உழவுச் சொற்கள் இரண்டு. தானியம் சேமிக்கும் அறை 'பக்ஷிமே'. இது அக்காதியத்தின் 'பீத் ஹஷீமி' என்பதனோடு ஒப்பிடப்படுகிறது. தாள் போர் 'ரஹீஸா'; இது அக்காதியத்து 'ரஹீஸு'. நினிவேயின் மொழியோடு இன்றைய பேச்சுக்கு உள்ள உறவை நாடுவோர் அதனைத் திருச்சபையின் செவ்வியல் நூல்களிற் காண்பதினும், உழவர் களத்திலும் களஞ்சியத்திலும் காண்பது எளிது என்பது இதனாற் புலப்படும். 2014 ஆகஸ்டில் கரகோஷ் முழுதும் ஓரிரவில் வெறுமையாயிற்று. 2016-இல் ஊர் மீட்கப்பட்டபின் ஒரு பகுதியினரே திரும்பினர். இலக்கணம் பன்னிரண்டு ஆண்டுகள் முந்திக்கொண்டது. தியார்பக்கிர்ப் பகுதியின் 'ம்லஹ்ஸோ' என்னும் அரமேய வழக்கிலும் ஏறத்தாழ இவ்வாறே நிகழ்ந்தது: ஒட்டோ யாஸ்ட்ரோவின் நூல் 1994-இல் வந்தது, அதனை நன்கு பேசவல்லாருள் இறுதியானவர் 1998-இல் காலமானார்.

மொழிக்காப்பு முயற்சிகளில் இத்தகைய சொற்களுக்கு இடம் குறைவு. பள்ளிகளும் இதழ்களும் தூய்மை நாடி, குர்திய, அரபிய, துருக்கியச் சொற்களை விலக்கிச் செவ்வியல் சிரியாக்கினின்று சொற்களை ஆக்குகின்றன. தனித்தமிழ் இயக்கத்தை அறிந்த நமக்கு அவ்வுணர்வு விளங்காததன்று. சிதறிய மக்களுக்குப் பொது எழுத்துமொழி இன்றியமையாததுந்தான். ஆயினும் அப்பணி தலைமுறைகள் தோறும் தொடரத்தக்கது. ஊர்ப்பெயர் தாங்கிய வழக்குகளை அறிந்த முதியோர் அவ்வளவு காலம் இரார். எனவே பதிவுப்பணி முற்பட வேண்டும் என்பது என் கருத்து.

பெயர்ச்சிக்கல் சட்டத்திலும் எதிரொலிக்கின்றது. ஈராக் அரசு 1972-இல் 'சிரியாக் மொழி பேசும் குடிமக்களுக்கு'ப் பண்பாட்டுரிமை வழங்கியது.  2005 அரசியலமைப்பின் 4ஆம் பிரிவு, அம்மக்கள் செறிந்து வாழும் நிருவாகப் பகுதிகளில் சிரியாக்கையும் ஆட்சிமொழியாக ஏற்கின்றது. 125ஆம் பிரிவோ கல்தேயர், அசீரியர் என இரு பெயர்களைத் தனித்தனியே சுட்டுகின்றது. ஸ்வீடனில் 'அசீரியர் / சிரியானர்' எனச் சாய்கோடிட்டு எழுதும் வழக்கமும் உண்டு. துருக்கியின் சினெக்கோயில் 1997-இல் கண்டறியப்பட்ட கி.மு. 8ஆம் நூற்றாண்டின் இருமொழிக் கல்வெட்டில் பினீசிய மொழியில் 'அசூர்' என வருவது லூவிய மொழியில் 'சூரா' என உள்ளது. ஆகவே சிரியா, அசீரியா ஆகிய சொற்கள் ஒரு மூலத்தன என்பது வலுப்பெற்றது. எனினும் சொல்லின் பிறப்பு மக்களின் வழிமரபைத் தானே மெய்ப்பிக்காது. ஒருவர் தம்மை அசீரியர் எனக் கூறும் உரிமை அக்காதியத்தினின்று அவர் மொழி பிறந்தது என்ற தவறான கூற்றை நம்பியிருக்கவும் இல்லை.

தமிழில் எழுதுவோர் பண்டைய மொழியை 'அக்காதியம்' என்றும், தேவைப்படின் 'அக்காதியத்தின் அசீரியக் கிளை' என்றும் குறிக்கலாம். வழிபாட்டு மொழிக்குச் 'சுரியானி' நம் நாட்டில் முன்னரே உள்ள சொல். வாழும் மொழியை மொழியியல் நோக்கில் 'புதிய அரமேயம்' என்றும், மக்கள் நோக்கில் அவரே வழங்கும் 'சுரேத்' என்றும் எழுதுதல் தகும். ஒலிபெயர்ப்பில் வரும் இடரை மேலே 'பேட்டா' என எழுதியபோதே வாசகர் உணர்ந்திருப்பர். தமிழ் எழுத்தில் அவ்வேறுபாடுகளை முழுதும் காட்ட இயலாது. விளக்கக் குறிப்புடன் எழுதுவதே வழி. பொருள்பெயர்ப்பிலும் இடர் உண்டு. 'பக்ஷிமே' என்பதைக் குதிர் எனலாகாது. குதிர் கலம், அதுவோ அறை. களஞ்சியம் பொருந்தும். 'ரஹீஸா' என்பதை வைக்கோற்போர் என முதலில் எழுதியிருந்தேன். கரகோஷ் வயல்களில் விளைவது நெல்லன்று, கோதுமையும் வாற்கோதுமையும் என்பது நினைவுக்கு வந்தபின் அதனை அடித்துத் 'தாள் போர்' எனத் திருத்தினேன்.