முரசில் எலும்பு ஒட்டியபின் எதைப் பார்க்க வேண்டும்?

உதட்டுப் பிளவுடன் பிறந்த பிள்ளைக்குக் கைக்குழந்தையாக இருக்கும்போதே உதட்டைத் தைத்துவிடுகிறார்கள். இனிக் கவலையில்லை என்று நாம் இருக்கும்போது, எட்டு ஒன்பது வயதளவில் வைத்தியசாலையிலிருந்து இன்னொரு கடிதம் வருகிறது. இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து முரசில் வைக்க வேண்டுமாம். "பிள்ளை வடிவாய்த்தானே இருக்கிறான், டொக்டர். ஏன் இன்னும் வெட்டவேணும்?" குடும்ப வைத்தியர்களான எம்மிடம் பெற்றோர் கேட்பது இதைத்தான். (கிரகணத்தன்று வெளியே போனதால் வந்த வினை என்று தாயைக் குறை சொல்லும் அம்மம்மாமாரும் உண்டு. கிரகணத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.)

பிளவு மேல்முரசின் எலும்பு வரை போயிருந்தால், உதட்டைத் தைத்த பின்னும் உள்ளே இடைவெளி அப்படியே இருக்கும். அங்கே முளைக்க வேண்டிய வேட்டைப் பல்லுக்கு எலும்பு இல்லை. மூக்கின் அடிக்கும் தாங்கல் இல்லை. சிலருக்குக் குடிக்கும் பால் சிறு துவாரத்தின் வழியே மூக்கால் வரும். ஆகவே பொதுவாக 8 முதல் 11 வயதுக்குள், வேட்டைப் பல் இறங்குமுன், இடுப்பெலும்பின் உள்ளிருக்கும் பஞ்சு போன்ற எலும்பால் அவ்விடத்தை நிரப்புகிறார்கள். பல் வந்தபின் செய்தால் பலன் குறைவு. "அடுத்த வருஷம் பார்ப்போம்" என்று தள்ளிப்போடுவதை நாம் விரும்புவதில்லை.

முரசு ஆறிவிட்டால் எல்லாம் சரி என்று எண்ணக்கூடாது. ஒட்டிய எலும்பில் ஒரு பகுதி கரைவது வழமை. எவ்வளவு மிஞ்சியது என்பதே கேள்வி. அதை அறியவே சுமார் ஆறு மாதத்தின் பின் எக்ஸ்ரே எடுக்கிறார்கள். 1986 இல் நோர்வேயின் ஒஸ்லோ வைத்தியர்கள் வெளியிட்ட அளவுகோல் இன்றும் பயன்படுகிறது. பிளவின் இருபுறப் பற்களுக்கிடையே எலும்பின் உயரம் ஏறத்தாழ வழமையாக இருந்தால் முதலாம் தரம்; முக்கால்வாசியாவது இருந்தால் இரண்டாம் தரம். இவ்விரண்டையும் வெற்றியென்று கொள்வர். அதற்குக் குறைந்தால் மூன்றாவது. எலும்புப் பாலமே இல்லையென்றால் நான்காவது. சாதாரண எக்ஸ்ரே உயரத்தைக் காட்டும், தடிப்பைக் காட்டாது. அதற்கு முப்பரிமாண ஸ்கான் உண்டு. ஆனால் கதிர்வீச்சு கூட என்பதால் தேவையானவர்களுக்கு மட்டுமே எடுக்கிறார்கள். வற்புறுத்திக் கேட்க வேண்டாம். வேட்டைப் பல் அந்த எலும்பினூடே இறங்கி வருவது பெற்றோர் கண்ணாலேயே காணக்கூடிய நல்ல அடையாளம்.

இப்படி அளந்து பார்த்ததால்தான் பிரித்தானியாவில் ஒரு பெரிய குறை வெளிப்பட்டது. 1998 இல் வெளியான ஆய்வறிக்கையின்படி, எலும்பு ஒட்டப்பட்ட 12 வயதுப் பிள்ளைகளில் 58 சதவீதத்தினருக்கே அது சரிவந்திருந்தது. அப்போது 57 இடங்களில் பிளவுச் சிகிச்சை நடந்தது. பல இடங்களில் வருடத்தில் சில பிள்ளைகளையே பார்த்தார்கள். அதன் பின்னரே சிகிச்சை ஒருசில பெரிய நிலையங்களுக்கு மாற்றப்பட்டது. தூரம் என்று நாம் முணுமுணுத்தாலும் பழகிய கைகள் அங்கேதான் உள்ளன.

சத்திரசிகிச்சைக்கு முன் சூத்தைப் பற்களைச் சரிசெய்யுங்கள். ஆறு மாதப் பரிசோதனையை ஊர்ப் பயணத்துக்காகத் தவறவிடாதீர்கள். எலும்பு எவ்வளவு நின்றது என்று நேரடியாகக் கேளுங்கள். போதாவிட்டால் மீண்டும் ஒட்ட வழியுண்டு. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று முன்கூட்டியே வைத்தியசாலைக்குச் சொல்லிவையுங்கள். சிகிச்சை பெறும் பிள்ளையையே மொழிபெயர்க்க விடாதீர்கள்.