பல்லில் இருப்பது அழுக்கா, கறையா?

லிங்கராஜபுரம், காக்ஸ் டவுன், கம்மனஹள்ளிப் பக்கங்களில் குடியிருக்கும் நம்மவரில் பலருக்குச் சொந்த ஊர் தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம், வட ஆர்க்காடு. கோலார் பக்கமிருந்து வந்து குடியேறியவர்களும் உண்டு. இப்படிப்பட்ட குடும்பங்கள் சிலவற்றில் ஒரு விநோதத்தைக் காணலாம். ஊரில் பிறந்து வளர்ந்த அக்காவின் முன்பற்களில் பழுப்புக் கறை படிந்திருக்கும். பெங்களூர் வந்தபின் பிறந்த தம்பியின் பற்களோ பளிச்சென்று இருக்கும். இருவரும் ஒரே பற்பசையைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆனாலும், "ஒழுங்காகப் பல் விளக்கினால் இப்படி இருக்குமா?" என்ற திட்டு அக்காவுக்கு மட்டும்தான்.

பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் கேட்கவே வேண்டாம். செங்கல் பொடி, சாம்பல், உப்பு, சமையல் சோடா, எலுமிச்சம்பழம் என்று கைக்கு எட்டியதையெல்லாம் வைத்துத் தேய்ப்பார்கள். கறை போகாது. பல்லின் மேல்பூச்சான எனாமல்தான் தேயும். பிறகு குளிர்ந்த தண்ணீர் பட்டாலே பல் கூசும்.

இந்தக் கறை அழுக்கு அல்ல. அந்தப் பெண்ணின் சோம்பலும் காரணம் அல்ல. சிறு வயதில் குடித்த தண்ணீரே காரணம். நிலத்தடிப் பாறைகளிலிருந்து புளோரைடு என்னும் உப்பு கிணற்று நீரிலும் ஆழ்துளைக் கிணற்று நீரிலும் கரைகிறது. நிரந்தரப் பற்கள் ஈறுக்குள்ளே உருவாகிக் கொண்டிருக்கும் காலத்தில், அதாவது பிறந்தது முதல் சுமார் எட்டு வயது வரை, இந்த உப்பு அளவுக்கு மேல் உடம்பில் சேர்ந்தால் எனாமல் சரியாக இறுகுவதில்லை. பல் முளைக்கும்போதே சுண்ணாம்பு போன்ற வெண்திட்டுக்களோ குறுக்குக் கோடுகளோ தெரியும். பாதிப்பு கடுமையாக இருந்தால் நாளடைவில் அவை மஞ்சளாகிப் பழுப்பாகும். வலப்பக்கப் பல்லில் இருப்பது போலவே இடப்பக்கத்து ஜோடிப் பல்லிலும் இருப்பது இதன் அடையாளம். தம்பி தப்பித்ததற்குக் காரணம் காவிரி. 1974 முதல் பெங்களூருக்கு வந்துகொண்டிருக்கும் காவிரி ஆற்று நீரில் இந்த உப்பு குறைவு.

அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்துப் பல் மருத்துவர் பிரெடரிக் மக்கே, தம் ஊர் மக்களின் பழுப்புப் பற்களைப் பார்த்துவிட்டுப் பல ஆண்டுகள் இதற்குக் காரணம் தேடினார். அது தண்ணீரிலுள்ள புளோரைடு என்பது 1931இல்தான் தெரிந்தது. நம் பக்கமும் பின்தங்கிவிடவில்லை. அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில் இதே உப்பு பற்களோடு எலும்புகளையும் முடக்குவதை 1937இலேயே ஆராய்ந்து எழுதினார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நெடுநாள் துன்பத்துக்காக ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் செயல்பாட்டுக்கு வந்தது. இரு மாநில அரசியலில் அந்தத் திட்டம் பட்ட பாடு பெங்களூர்த் தமிழருக்கு நன்றாகவே நினைவிருக்கும். அதன் பெயரிலேயே புளோரோசிஸ் என்ற சொல் உண்டு. சண்டையின் சத்தத்தில் அந்தச் சொல் பலர் காதிலும் விழவில்லை என்பது என் எண்ணம்.

பெங்களூருக்கு வந்துவிட்டோம், இனிக் கவலையில்லை என்று இருந்துவிட முடியாது. எல்லா வீட்டுக்கும் எல்லா நாளும் காவிரி வருவதில்லை. போர் தண்ணீரும் லாரித் தண்ணீரும் குடிக்கும் வீடுகளில் சிறு குழந்தை இருந்தால், ஒருமுறை அந்த நீரைச் சோதனைக்குக் கொடுத்துப் பார்ப்பது நல்லது. லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை புளோரைடு இருக்கலாம். வேறு வழியில்லை என்றால் 1.5 வரை. இதுவே இந்தியத் தர அளவு. காய்ச்சினால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். காய்ச்சினால் கிருமிதான் சாகும். தண்ணீர் சுண்டச் சுண்ட இந்த உப்பின் செறிவு கூடத்தான் செய்யும். துணியில் வடிகட்டுவதும் பயன் தராது. ஆர்.ஓ. கருவி ஓரளவு நன்றாகவே நீக்கும்.

அப்படியானால் புளோரைடு கலந்த பற்பசை மட்டும் ஏன் என்று ஊரிலிருந்து வரும் பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். நாம் இனிப்பு தின்னும் ஒவ்வொரு முறையும் வாயிலுள்ள நுண்கிருமிகள் அதைப் புளிக்க வைத்து அமிலமாக்குகின்றன. அமிலம் எனாமலைக் கரைக்கிறது. எச்சில் அதைச் சமன் செய்ய அரைமணி முதல் ஒருமணி நேரம் பிடிக்கும். பற்பசையிலுள்ள புளோரைடு கரைந்த இடம் மீண்டும் இறுக உதவுகிறது. அது முளைத்துவிட்ட பல்லின் மேல்புறத்தில் வேலை செய்வது, துப்பிவிடுகிறோம். தண்ணீரில் வருவது வயிற்றுக்குள் போய், வளரும் பல்லைத் தாக்குவது. எனவே விழுங்கத் தெரிந்து துப்பத் தெரியாத குழந்தைகளிடம்தான் கவனம் தேவை. மூன்று வயது வரை அரிசிமணி அளவு பசை, ஆறு வயது வரை பட்டாணி அளவு போதும். தூரிகை முழுக்கப் பசையைப் பிதுக்கிக் காட்டுவது விளம்பரக்காரர்கள் வேலை.

காலையில் எல்லோரும் பல் விளக்குகிறோம், இரவில்தான் விட்டுவிடுகிறோம். உண்மையில் இரவே முக்கியம். தூங்கும்போது எச்சில் சுரப்பது குறைவதால் பல்லுக்குக் காவல் இல்லை. சர்க்கரை போட்ட பால் பாட்டிலோடு குழந்தையைத் தூங்க வைத்தால், மேல்வரிசை முன்பற்கள் இரண்டு மூன்று வயதிலேயே சொத்தையாகிவிடும். மென்மையான தூரிகையால் இரண்டு நிமிடம், ஈறு ஓரத்தையும் சேர்த்து, அழுத்தாமல் தேய்த்தால் போதும். ஏழெட்டு வயது வரை பெரியவர் ஒருவர் கூட நின்று தேய்த்துவிட வேண்டும். தாத்தாவின் வேப்பங்குச்சி பழக்கத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் நன்றாக மென்று நாராக்காமல் குத்தினால் ஈறு கிழியும். புகையிலை கலந்த பல்பொடியை மட்டும் மன்னிக்க முடியாது. மத்திய அரசு 1992இலேயே அதைத் தடை செய்துவிட்டது.

இன்னொன்றையும் தாய்மார்கள் கவனிக்க வேண்டும். ஆறு வயதையொட்டிப் பால்பற்களுக்குப் பின்னால் ஒரு கடைவாய்ப்பல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமல் முளைப்பதால் அதையும் பால்பல் என்று எண்ணி, "விழுகிற பல்தானே" என்று சொத்தையை விட்டுவிடுகிறார்கள். அது நிரந்தரப் பல். போனால் வேறு முளைக்காது. பல்வலிக்குக் கிராம்புத் தைலம் வைத்தால் அப்போதைக்கு வலி குறையும், சொத்தை குறையாது. சில நாளில் வலி தானாக நின்றுவிட்டால், உள்நரம்பு செத்திருக்கலாம் என்று பொருள். அப்போதுதான் முக்கியமாக மருத்துவரிடம் போக வேண்டும்.

பழுப்புக் கறைக்கும் வைத்தியம் உண்டு. லேசான கறையை மேலாக மெருகேற்றி எடுப்பார்கள். ஆழமானதைப் பல் நிறப் பூச்சால் மூடுவார்கள். செலவுக்கு அஞ்சுபவர்கள் கோட்டைப் பகுதியில் விக்டோரியா மருத்துவமனையை ஒட்டியுள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம். தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் வெளிக் கிளினிக்குகளை விடக் கட்டணம் குறைவு. காத்திருக்க வேண்டியிருக்கும், ஒருநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு காலையிலேயே போய்விடுங்கள். பெண்ணையும் அழைத்துப் போங்கள். கறைக்குக் காரணம் தண்ணீர்தான் என்று மருத்துவர் வாயால் அவள் ஒருமுறை கேட்கட்டும்.